பூட்டைக் கழற்றிவிட்டு விற்றால் என்ன?

பயாஸ் என்ற பெயரிலேயே பாதி பயம் இருக்கிறது. எங்கள் ஹாஸ்டலில் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்றால் பேசிக்கொண்டே போட்டு முடிக்கிறவன்கூட, கம்ப்யூட்டர் ஆன் ஆகும் அந்த இரண்டு நொடிக்குள் எஃப்2 அழுத்தி உள்ளே போய்ப் பார் என்றால் கையை இழுத்துக்கொள்கிறான். "அதுல கைய வெச்சா போர்டே போயிடும் மச்சி" என்பான். யார் சொன்னது என்று கேட்டால் சீனியர் சொன்னாராம். சீனியருக்கு அவருடைய சீனியர்.

இந்தப் பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்ற வைரஸ் ஏராளமான கம்ப்யூட்டர்களில் பயாஸ் சிப்புக்குள்ளேயே குப்பையை எழுதி, அவற்றை ஆன் ஆகவிடாமல் செய்தது. செர்னோபில் வைரஸ் என்று அதற்குப் பட்டப்பெயர் (அணு உலை விபத்தும் ஏப்ரல் 26தான், 1986-ல்). ஆனால் அது பயாஸ் நிரலையே அழித்த கதை. நான் சொல்ல வருவது பயாஸ் செட்டிங்குகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பற்றி. முதலாவது வீட்டை இடிப்பது என்றால் இரண்டாவது வீட்டுக் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி வைப்பது. இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு பயம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? போன ஆறு மாதத்தில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டினேன். ஒன்று பணிந்தது. இன்னொன்று என் மூக்கை உடைத்தது. இரண்டாவதால் எனக்கு ஒரு கோபம் வந்திருக்கிறது. அந்தக் கோபத்தை நியாயமாக யார் தலையில் வைப்பது என்று யோசித்ததுதான் இந்தப் பதிவு.

நான் படிப்பது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில். எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ராமானுஜர் பிறந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஷிப்டு பஸ் ஊர் என்று நாங்கள் சொல்வோம். 2006-ல் நோக்கியா இங்கே போன் செய்ய ஆரம்பித்தது, 2014 நவம்பரில் நிறுத்திவிட்டது. 2007-ல் டெல் தொழிற்சாலை வந்தது. ஹெச்.பி. 2021-ல் ஃப்ளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இங்கே லேப்டாப் செய்யத் தொடங்கியது. ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்வது எல்லோருக்கும் தெரியும். ஒரகடம் பக்கம் போனால் வண்டிகள்: ரெனோ நிஸான், பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் அக்காவோ அம்மாவோ சித்தியோ ஏதாவது ஒரு லைனில் நிற்கிறார்கள். எஸ்.எம்.டி. லைனில் வேலை பார்த்த ஒரு அக்காவைக் கேட்டால், போர்டில் சால்டர் பேஸ்ட் எங்கே சரியாக விழவில்லை என்று தூரத்தில் இருந்தே சொல்வார். அந்த போர்டு ஆன் ஆனபிறகு முதல் நொடியில் என்ன செய்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவர் தம்பி படிக்கிற காலேஜிலும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

இங்கே செய்யப்படுகிற புதுக் கம்ப்யூட்டர்கள் லாரியில் ஏறி எங்கோ போய்விடுகின்றன. எங்களுக்குக் கிடைப்பது பழையது. இந்தத் தொழிற்சாலைகளின் ஆபீஸ்களில் வரிசை வரிசையாக மேசைக் கம்ப்யூட்டர்கள் இருக்கும். நாலைந்து வருடத்தில் மொத்தமாக மாற்றுவார்கள். பழையதை லாட்டாக ஏலத்தில் விடுவார்கள். எடுத்தவர் பிரித்துக் கொடுப்பார், அவரிடமிருந்து இன்னொருவர். கடைசியில் சுங்குவார்சத்திரத்திலோ படப்பையிலோ ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் வந்து நிற்கும். நல்ல சாமான்தான். ஏ.சி. ரூமில் வளர்ந்த பிள்ளை, எக்ஸெல் தவிர ஒன்றும் பார்த்திருக்காது. ஐயாயிரம், ஆறாயிரம் என்றால் எங்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்து அப்படி ஒன்று வாங்கினோம். கடையில் போட்டுக் காட்டினார்கள், விண்டோஸ் அழகாக வந்தது. ரூமுக்குக் கொண்டுவந்து லினக்ஸ் போடலாம் என்று பென்டிரைவைச் செருகினால் கண்டுகொள்ளவே இல்லை. எஃப்2 அழுத்தி உள்ளே போனால் கடவுச்சொல் கேட்டது. ஆபீஸ்காரர்கள் வைத்தது. கடைக்குப் போன் போட்டேன்.

"அது கம்பெனி லாக்கு தம்பி. விண்டோஸ் ஓடுதுல்ல? அப்புறம் உனக்கு அது எதுக்கு?"

"பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணணும்ணா."

"சிப்பு மாத்தணும். ஆயிரத்தி ஐந்நூறு ஆவும். எடுத்தா."

இதில் ஒரு தொழில் ரகசியம் புரிந்தது. கடவுச்சொல் போட்ட மெஷினில் கடைக்காரராலும் விண்டோஸ் ஏற்ற முடியாது. அதனால் வேறு மெஷினில் ஏற்றிய ஹார்டு டிஸ்க்கை இதில் மாட்டிவிடுகிறார்கள். பூட்டு இருப்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. விண்டோஸ் கெட்டுப்போகிற அன்றைக்குத்தான் தெரியும். நீங்கள் பழைய கம்ப்யூட்டர் வாங்கப்போனால் விண்டோஸ் வருகிறதா என்று பார்க்காதீர்கள். எஃப்2 அழுத்தச் சொல்லிப் பாருங்கள்.

ஆயிரத்து ஐந்நூறு தர மனசு வரவில்லை. அந்த போர்டின் மேனுவலை இறக்கிப் படித்தேன். நாற்பது பக்கத்தில் இரண்டாவது படத்திலேயே விஷயம் இருந்தது.

கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் இது புரியும். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் செட்டிங் எல்லாம் போர்டின் மேல் இருக்கும் குட்டி ஸ்விட்சுகள்தான். எவ்வளவு மெமரி, எத்தனை ஃபிளாப்பி என்று திருப்புளி முனையால் தள்ளி வைக்க வேண்டும். 1984-ல் வந்த பி.சி. ஏடி மாடலில் மோட்டோரோலாவின் ஒரு கடிகாரச் சிப்பை வைத்தார்கள். அந்தச் சிப்புக்குள் மொத்தம் 64 பைட் மெமரி. 14 பைட் கடிகார வேலைக்கு, மீதி 50 பைட் சும்மா கிடந்தது. அந்த ஐம்பதில் செட்டிங்குகளை எழுதி வைத்தார்கள். கரண்ட் போனாலும் கடிகாரம் ஓட வேண்டுமே என்று ஒரு பேட்டரி. கடிகாரம் ஓடுகிறவரை செட்டிங்கும் இருக்கும். சிமாஸ் என்ற வகையில் செய்த சிப் என்பதால் அந்த மெமரிக்கே சிமாஸ் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் போர்டில் பளபளவென்று ஒரு காசு மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, அந்த செல் அதன் வாரிசு. சி.ஆர்.2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதுதான் 2032. மூன்று வோல்ட்.

ஆகவே மேசைக் கம்ப்யூட்டரில் ரீசெட் என்பது அந்தக் குட்டி மெமரிக்கு வரும் மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது. செல்லைக் கழற்றலாம். அல்லது போர்டிலேயே இதற்கென்று ஜம்பர் இருக்கும். கம்பெனிக்குத் தகுந்த மாதிரி சி.எல்.ஆர்.டி.சி. என்றோ சி.எல்.ஆர். சிமாஸ் என்றோ ஜேபேட்1 என்றோ பெயர் அச்சடித்திருக்கும். பெரும்பாலும் மூன்று ஊசி. ஒன்றையும் இரண்டையும் மூடியிருக்கிற தொப்பியைக் கழற்றி இரண்டையும் மூன்றையும் மூடி, பத்து நொடி கழித்துப் பழையபடி மாட்ட வேண்டும். சில ஆபீஸ் மெஷின்களில் கடவுச்சொல்லுக்கு மட்டும் தனி ஜம்பர் உண்டு. எங்களுடையதில் அப்படித்தான் இருந்தது. மேனுவல் பார்க்காமல் கை வைத்திருந்தால் வேறு ஜம்பரை மாற்றிவிட்டு முழித்திருப்பேன்.

ஒன்று மட்டும் முக்கியம். பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஷட்டவுன் செய்தால் போதாது. கேபிள் செருகி இருக்கும்வரை எஸ்.எம்.பி.எஸ். போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். செல்லைக் கழற்றினாலும் அந்த மெமரிக்கு வேறு வழியில் தீனி போய்க்கொண்டிருக்கும். "செல்லைக் கழட்டிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல" என்கிறவர்களில் பாதிப்பேர் இந்த கேஸ்தான்.

கடவுச்சொல் போயிற்று. மொத்தமும் புதிதாக இருக்கட்டும் என்று ஆர்வக்கோளாறில் உள்ளே போய் எல்லாவற்றையும் டிஃபால்டுக்குத் தள்ளினேன். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் நீலத் திரையைக் காட்டித் துவக்கும் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்றது. ரூம்மேட் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... காரணம் எளிது. டிஸ்க்கோடு பேசும் முறை ஏ.எச்.சி.ஐ. என்று இருந்ததை டிஃபால்ட் ரெய்டு என்று மாற்றிவிட்டது. திரும்பப் பழையபடி வைத்ததும் வந்துவிட்டது. ஆக, ரீசெட் செய்வதற்குமுன் உள்ளே நுழைய முடிந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது விண்டோஸாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் பயாஸ் செட்டிங் மாறியதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஜம்பர் பக்கமே போகாதீர்கள்.

இதுவரை சந்தோஷக் கதை. இந்தச் சந்தோஷத்தில் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. விங்கில் எவன் கம்ப்யூட்டர் தும்மினாலும் "கொண்டா பார்க்கலாம்" என்று திருப்புளியோடு கிளம்பினேன்.

அப்போது வந்ததுதான் அந்த லேப்டாப். என் வகுப்புத் தோழனுடையது. அவன் அம்மா ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. சீட்டு எடுத்து பதினோராயிரம் கொடுத்து வாங்கித் தந்தது. அதுவும் ஏதோ ஆபீஸ் ஏலத்தில் வந்த சரக்கு. உறுதியான மெஷின், கீபோர்டு அருமை. ஒரே குறை, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். தேதிதானே என்று விட முடியாது. வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. கம்ப்யூட்டர் தேதி பல வருடம் பின்னால் இருந்தால் எந்தச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும். பரீட்சை ஃபீஸ் கட்டும் பக்கம்கூடத் திறக்காது. அவன் தினமும் காலையில் தேதியைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தான்.

"செல்லு டவுன் ஆயிருக்குடா. அம்பது ரூபா மேட்டர்" என்றேன்.

லேப்டாப்பில் அதே செல்தான், பிளாஸ்டிக் உறைக்குள் சிவப்பு கறுப்பு ஒயரோடு இருக்கும். மாற்றினேன். ஆன் செய்தேன். தேதியும் நேரமும் தொலைந்துவிட்டன, செட்டிங்கில் போய்ச் சரிசெய் என்றது. செட்டிங்குக்குப் போகக் கடவுச்சொல் கேட்டது. அந்தக் கடவுச்சொல் இல்லாமல் விண்டோஸுக்கும் போக மறுத்தது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த மெஷின். என் கையால் நின்றது.

இங்கேதான் நான் படிக்காமல் விட்ட பாடம். மேசைக் கம்ப்யூட்டரில் பலித்தது ஆபீஸ் லேப்டாப்பில் பலிக்காது. இவற்றில் கடவுச்சொல்லை அந்த 50 பைட் பரம்பரை மெமரியில் வைப்பதில்லை. மின்சாரமே இல்லாவிட்டாலும் மறக்காத தனிச் சிப்பில் வைக்கிறார்கள். செல்லை ஒரு மாதம் கழற்றி வைத்தாலும் அது மறக்காது. செல்லைக் கழற்றினால் மறப்பது தேதி மட்டும். தேதி தொலைந்ததும் மெஷினுக்குச் சந்தேகம் வந்து காவல்காரனைக் கூப்பிடுகிறது. லெனோவா தன் திங்க்பேட் கையேட்டிலேயே ஒளிக்காமல் எழுதியிருக்கிறது: சூப்பர்வைசர் கடவுச்சொல்லை மறந்தால் அதை எடுக்க வழி கிடையாது, வாங்கிய ரசீதோடு வந்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு மதர்போர்டையே மாற்ற வேண்டும். பதினோராயிரம் ரூபாய் மெஷினுக்கு மதர்போர்டை மாற்றுவதா?

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு ஒன்பது நாள் இருந்தது. டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டி அவன் ஃபைல்களை எடுத்துவிட்டோம். டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். லேப்டாப்பின் அடியில் பழைய ஆபீஸின் சொத்து எண் ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. அதில் இருந்த பெயரைப் பார்த்து அந்த ஆபீஸுக்கே போன் செய்தோம். ரிசப்ஷனில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டது, பழைய மெஷின் விவரம் தங்களிடம் இல்லை என்றார். விற்ற கடைக்காரரோ "ஓடுற மெஷினத்தான் குடுத்தேன். நீ ஏன் தம்பி தொறந்த?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட். எங்கள் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், அண்ணா சாலையில் இறங்கி, அந்தச் சந்துக்குள் ஒரு மாடிப்படி ஏறி, சிப் லெவல் வேலை பார்க்கும் கடை. அங்கே இருந்த அண்ணன் மெஷினைத் திறந்தார், எட்டுக் கால் சிப்பின் மேல் ஒரு கிளிப்பை மாட்டினார், தீப்பெட்டி அளவு புரோகிராமரைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார், சிப்பில் இருப்பதைப் படித்தார், கொஞ்சம் மாற்றினார், திரும்ப எழுதினார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. மூவாயிரம். பாதியை நான் கொடுத்தேன், கொடுக்காவிட்டால் தூக்கம் வராது.

அவன் அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "எவனோ பூட்டுன பூட்டுக்கு நாம எதுக்குப்பா காசு குடுக்கணும்?"

இனி என் கருத்துக்கு வருகிறேன். (இவ்வளவு நேரம் கதையா சொன்னான் என்று திட்டாதீர்கள்.)

பூட்டு போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத் தொழிற்சாலைகளில் கேட்டிலேயே செல்போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இன்னும் வெளிவராத வண்டியின் டிராயிங் ஒரு பென்டிரைவில் வெளியே போனால் யாருடைய வேலை போகும் என்று எனக்கும் தெரியும். பென்டிரைவிலிருந்து பூட் ஆகக் கூடாது, யூ.எஸ்.பி. வேலை செய்யக் கூடாது, இதை யாரும் மாற்றக் கூடாது என்று பயாஸில் பூட்டுவது சரியான காரியம். கம்ப்யூட்டர் அந்த வாசலுக்குள் இருக்கும்வரை.

வாசலைத் தாண்டி விற்றபிறகு அந்தப் பூட்டு எதைக் காக்கிறது? டேட்டாவையா? டிஸ்க்கை அழித்துவிட்டோ கழற்றிவிட்டோதான் ஏலத்துக்கே விடுகிறார்கள். பயாஸ் பூட்டு டிஸ்க்கில் இருப்பதை மறைப்பதும் இல்லை. அவன் ஃபைல்களை நானே இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்தேனே. மறக்கப்பட்ட பூட்டு அது, அவ்வளவுதான்.

திருட்டைத் தடுக்கிறதே என்று ஒரு நண்பன் வாதாடினான். திருடிய லேப்டாப்பைத் திறக்க முடியாவிட்டால் திருடுவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எங்களிடம் யாரும் ரசீது கேட்கவில்லை. திருடனுக்கு மூவாயிரம் என்பது தொழில் செலவு, லாபத்தில் கழிந்துவிடும். சீட்டு எடுத்து வாங்கியவர்களுக்கு அது நாலில் ஒரு பங்குக்கும் மேல். பூட்டு யாருக்கு அதிகமாக வலிக்கிறது பாருங்கள்.

அப்படியென்றால் தயாரிப்பாளர்கள் எல்லாவற்றுக்கும் பொதுச் சாவி ஒன்று வைத்திருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. அது ஏற்கெனவே நடந்து பார்த்த விஷயம். 1990-களில் அவார்டு பயாஸில் தயாரிப்பாளரே வைத்த பொதுக் கடவுச்சொற்கள் இருந்தன. அவை வெளியே கசிந்து, இணையத்தில் பட்டியலாகவே ஓடின. பூட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. அந்த அனுபவத்துக்குப் பிறகு சாவியே இல்லாத பூட்டுக்குப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூட்டு உறுதியாகத்தான் இருக்க வேண்டும். உறுதியான பூட்டைப் போட்டவருக்கு அதைக் கழற்றும் கடமையும் அதே அளவு உண்டு என்கிறேன். கோபத்தை நான் வைக்கிற இடம் அதுதான்: விற்கிறவர்.

கஷ்டமான வேலையா என்றால் இல்லை. கடவுச்சொல் தெரிந்தவர் உள்ளே போய் அதை வெறுமையாக மாற்றிச் சேமிக்க இரண்டு நிமிடம். நூறு மெஷின் என்றால் ஒருவர் ஒரு நாள் உட்கார வேண்டும். அதுகூட வேண்டாம். டெல், ஹெச்.பி. இரண்டுமே ஆபீஸ் மெஷின்களின் பயாஸ் செட்டிங்கை நெட்வொர்க் வழியாக மொத்தமாக மாற்றும் மென்பொருளைத் தருகின்றன. பழைய கடவுச்சொல் தெரிந்தால் அதையும் எடுத்துவிடலாம். பூட்டும்போது அப்படித்தானே மொத்தமாகப் பூட்டியிருப்பார்கள்?

சட்டமும் பக்கத்தில்தான் இருக்கிறது. 2022-ல் வந்த மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. குறைந்தது ஆயிரம் சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனம் பெரு நுகர்வோர். அது தன் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். பழுதுபார்த்து மறுபடி விற்கிறவர்களும் பதிவு செய்ய வேண்டும். அதே 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமும் தொடங்கியது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான், ஓடுகிற பொருள் குப்பைக்குப் போகக் கூடாது. பயாஸ் பூட்டைக் கழற்றித்தான் கைமாற்ற வேண்டும் என்று ஒரே ஒரு வரியை அந்த விதிகளில் சேர்த்தால் போதும். ஏலப் படிவத்தில் மாடல், வருடம், ரேம் என்று கட்டம் போடுகிறார்களே, பூட்டு உண்டா இல்லையா என்று இன்னொரு கட்டம். சட்டம் வரும்வரை கம்பெனிகளே இதைச் செய்யலாம். லாட்டுக்கு விலையும் கூடக் கிடைக்கும், பூட்டுள்ள மெஷினை வியாபாரிகள் குறைத்துத்தானே கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கம் எங்களுக்கும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் இத்தனை போர்டு செய்கிறோம், இத்தனை காலேஜ், பாலிடெக்னிக். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பரில் பைப்லைன் கேட்பார்கள், கேஷ் மெமரி கேட்பார்கள். போர்டின் மேனுவலைத் திறந்து ஒரு ஜம்பரைக் காட்டி இது எதற்கு என்று ஒரு வாத்தியாரும் கேட்டதில்லை. தெரிந்திருந்தால் நான் அந்த லேப்டாப்பின் செல்லில் கை வைப்பதற்குமுன் எஃப்1 அழுத்தி உள்ளே கடவுச்சொல் இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். பத்து நொடி வேலை. "பூட்டு இருக்குடா, செல்லைத் தொடாதே, தேதியைக் கையாலேயே மாத்திக்கோ" என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

எங்கள் லேபில் 26 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் ஆன் செய்தால் சிமாஸ் பிழை, எஃப்1 அழுத்தவும் என்று நிற்கும். நாங்களும் மூன்று வருடமாக அழுத்திக்கொண்டே இருக்கிறோம். எஃப்1 கீயில் எழுத்தே அழிந்துவிட்டது. லேப் அண்ணாவிடம் கேட்டேன், ஹெச்.ஓ.டி.யிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கச் சொன்னார். வாங்கிவிட்டேன். வருகிற சனிக்கிழமை மதியம் போகிறோம், நான், ரூம்மேட், அந்த லேப்டாப்காரன் மூவரும். எல்லாம் மேசைக் கம்ப்யூட்டர்கள், மேனுவல் இறக்கியாயிற்று, கடவுச்சொல் இருக்கிறதா என்று இந்த முறை முதலிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. இரண்டில் இருக்கிறது. போட்ட சார் ரிட்டயர் ஆகிவிட்டார். அவர் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.